மற்றவை

விண்ணப்பம் ஆயிரத்து ஐந்நூறு.
எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது என்று
ரசீதின் அடியில் சிவப்பு மையில் இருந்தது.
துளசிராம் அந்த ஒரு வரியை
இரண்டு தடவை படித்தான்.

ஒத்தக்கடை தாண்டி
யானைமலை முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் பக்கம்
பள்ளிக்கூடம்.
வரவேற்பறையில் எங்கள் மூவருக்கும்
தேவைக்கு மேல் குளிர்.
சுவரில் பன்னிரண்டு நாட்டுக் கொடிகள்.
மூலையில் மீன்தொட்டி.
அதில் ஒரே ஒரு மீன்
தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்பதுபோல்
கண்ணாடியோரமே நின்றது.

தந்தையின் தொழில்:
இனிப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக் கொடுக்கிறோம்.
பேக்கேஜிங் என்று எழுதினேன்.
தாயின் தொழில்:
சீட்டுக் கம்பெனியில் கணக்கு.
ஃபைனான்ஸ் என்று எழுதினேன்.
எழுத எழுத நாங்கள்
வசதியாகிக்கொண்டே வந்தோம்.

தாய்மொழிக்கு
கணினி முன்னால் இருந்த பெண் ஒரு பட்டியலைத் திறந்தாள்.
தமிழ் ஆங்கிலம் ஹிந்தி தெலுங்கு மலையாளம்
பிரெஞ்சுகூட இருந்தது.
சௌராஷ்டிரம் என்றேன்.
"குஜராத்தா மேடம்?"
இல்லைம்மா, முனிச்சாலை.
"அப்ப மற்றவைன்னு போட்டுக்கறேன்."
ஒரு தட்டு.
அவ்வளவுதான்.

உள்ளே பெற்றோர் உட்காரலாம்
பேசக் கூடாது
சைகை காட்டக் கூடாது.
பிரணிதாவின் கால் நாற்காலியிலிருந்து
தரைக்கு எட்டவில்லை.

பொங்கல் கழிந்ததிலிருந்து
வீட்டில் இங்கிலீஷ் மட்டும்.
சட்னிக்குக்கூட நாங்கள்
வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தோம்.
என் மாமியார் போன் பண்ணினால்
குழந்தை தூங்குகிறாள் என்று சொல்லிவிடுவேன்,
ஏதாவது ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும் என்று.

பெங்குவின் வந்தது, சொன்னாள்.
ஆம்புலன்ஸ் வந்தது, சத்தத்தோடு சொன்னாள்.
எஸ்கிமோ வீட்டை
இட்லி என்றாள்.
மிஸ் சிரித்தார்.
அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று
எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த அட்டையில்
ஒரு கண்ணாடி டம்ளர்.
காலை ஏழரைக்குக் கிளம்பியவள்,
அதையே பார்த்தாள்.
பிறகு மெல்ல,
கேட்பதுபோல்,
பாணி என்றாள்.

தமிழில் எழுதினால் அது வேறு ஏதோ ஆகிவிடும்.
எங்கள் வீட்டில் தண்ணீர்.
மூன்று மாதம்
மூடி போட்டு அடைத்து வைத்திருந்த சொல்.

மிஸ்ஸின் புருவம் உயர்ந்தது.
"ஓ! ஹிந்தியும் வருமா!"

மேசைக்கு அடியில் துளசிராமின் செருப்பு
என் காலை அழுத்தியது.
நான் சிரித்தேன்.
கொஞ்சம் கொஞ்சம் வரும் மேடம் என்றேன்.
அவர் காகிதத்தில் ஏதோ குறித்து
பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார்.

இடம் கிடைத்துவிட்டது.

சேர்க்கைக் கட்டணம் அறுபதாயிரம்.
கல்விக் கட்டணம் ஒரு லட்சத்துப் பதினையாயிரம்,
மூன்று தவணை.
வேன் இருபத்துநாலு.
நீச்சலுக்குத் தனி, நீச்சல் உடைக்குத் தனி.
கடைசி வரியில்
மற்றவை: எட்டாயிரத்து ஐந்நூறு.

"இது எதுக்குங்க?" என்றான் துளசிராம்.
கவுண்டர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மற்றவைன்னா மற்றவைதான் சார்."

வண்டியில் வரும்போது
மனசுக்குள் சீட்டைத் தள்ளி எடுத்துப் பார்த்தேன்.
நாற்பதாயிரம் கழிவு போகும்.
ஜூன் பத்துக்குள் முதல் தவணை.
தீபாவளிப் பெட்டி ஆர்டருக்கு
முன்பணம் ஆகஸ்டில்தான் வரும்.
இடையில் ஜூலை என்று ஒரு மாதம்
யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.

மாட்டுத்தாவணி சிக்னலில்
எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து
மறுபடியும் அந்தச் சொல்.
பாட்டிலை
மீன்தொட்டிப் பக்கத்திலேயே விட்டு வந்திருக்கிறேன்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து துளசிராம் சொன்னான்:
"சத்தமாவே கேளு கண்ணு.
அது இப்ப ஹிந்தி."

சிரித்தோமா என்று ஞாபகமில்லை.
பச்சை விழுந்ததும் ஓரம் கட்டினான்.
பெட்டிக்கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு
அவளே கேட்டாள்.
கடைக்காரர் செல்போனிலிருந்து நிமிராமல்
ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

இருபது ரூபாய்.
துளசிராம் எல்லாப் பையிலும்
சில்லறை தேடிக்கொண்டிருந்தான்.